கீழ் லீக்கிலிருந்து மேல் லீக்குக்கு: மதுரைக் கால்பந்து அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

லூட்டன், ரெக்ஸம், விம்பிள்டன் என்ற பிரிட்டிஷ் கால்பந்து கிளப்புகளின் பெயர்களை மதுரைப் பையன்கள் இன்று சரளமாகச் சொல்கிறார்கள். அரசரடி ரயில்வே மைதானத்திலும் ரேஸ்கோர்ஸிலும் பயிற்சி முடிந்து பூட்ஸைக் கழற்றும் நேரத்தில் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. எங்கேயோ அடிமட்டத்தில் கிடந்த கிளப்புகள் எப்படி ஏறின, நம் ஊரிலிருந்து ஒன்று அப்படி ஏற முடியுமா என்று பையன்களும் பெற்றோரும் உள்ளூர் அணிகளை நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கிளப் "ஏறுவது" என்றால் என்ன?

இங்கிலாந்தில் லீக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வொன்றிலும் 24 அணிகள். ஆக மொத்தம் 92 கிளப்புகள். ஐந்தாம் படியான நேஷனல் லீக்கும் அதற்குக் கீழே உள்ளூர் அளவிலான லீக்குகளும் இருக்கின்றன. பருவம் முடியும்போது முன்னணியில் இருக்கும் சில அணிகள் ஒரு படி ஏறும். கடைசியில் நிற்பவை ஒரு படி இறங்கும். யார் பணக்காரர், எந்த ஊர் பெரிது என்று யாரும் பார்ப்பதில்லை. புள்ளிப்பட்டியல்தான் முடிவு செய்யும்.

இந்த ஏணி எப்போதுமே திறந்திருந்ததா?

இல்லை. நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது. இங்கிலாந்திலேயே 1987 வரை ஐந்தாம் படியை வென்ற கிளப்புக்கு நான்காம் படியில் இடம் உறுதி கிடையாது. மேலே இருக்கும் கிளப்புகள் வாக்களித்து அனுமதித்தால்தான் உள்ளே போகலாம். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆதரித்துக்கொண்டார்கள். பழைய விம்பிள்டன் கிளப் 1977இல் அப்படி வாக்கு வாங்கித்தான் உள்ளே வந்தது. ஒன்பது ஆண்டுகளில் அன்றைய உச்சிப் படியான முதல் டிவிஷனை எட்டி, 1988இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்தது. வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒரு கிளப்பின் தரம் என்னவாக இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். வாக்குமுறை ஒழிந்து, 1987இல் ஸ்கார்பரோ கிளப்தான் முதன்முதலில் புள்ளிகளின் பலத்தால் மட்டுமே உள்ளே நுழைந்தது.

லூட்டன் டவுன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது?

விரிவாகச் சொல்கிறேன். பலரும் இதில் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

1885இல் தொடங்கிய கிளப் அது. 1905 முதல் கெனில்வொர்த் சாலையிலுள்ள அதே சிறு மைதானத்தில் ஆடுகிறது. வெளியூர் ரசிகர்கள் நுழையும் வாசல், வரிசை வீடுகளுக்கு நடுவே வீட்டு மாடியின் அடியில் இருக்கிறது. 1988இல் ஆர்சனலை 3-2 என்று வென்று லீக் கோப்பையைப் பெற்ற கிளப் அது. 1992இல், பிரீமியர் லீக் தொடங்குவதற்குச் சற்று முன்பு, முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது.

பிறகு வந்தது பெரிய சரிவு. 2007, 2008, 2009 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இறங்கியது. 2008-09 பருவத்தைக் கழித்தல் 30 புள்ளிகளோடு தொடங்கியது. வீரர்களின் முகவர்களுக்குப் பணம் கொடுத்ததில் நடந்த முறைகேடுகளுக்காகக் கால்பந்துச் சங்கம் 10 புள்ளிகளைப் பறித்தது; நொடித்த நிலையிலிருந்து விதிப்படி மீளவில்லை என்று லீக் நிர்வாகம் 20 புள்ளிகளைப் பறித்தது. அந்தப் பருவத்தில் வீரர்கள் களத்தில் ஈட்டிய 56 புள்ளிகளில் கணக்கில் நின்றது 26 மட்டுமே. தப்பு செய்தவர்கள் முந்தைய நிர்வாகிகள். தண்டனையை அனுபவித்தவர்கள் அந்த ஆண்டு ஆடிய பையன்கள். அப்படியிருந்தும் அதே ஆண்டு கீழ் லீக் அணிகளுக்கான கோப்பையை லண்டனின் வெம்பிளி அரங்கில் வென்றார்கள்.

ஐந்தாம் படியில் ஐந்து பருவங்கள் கழிந்தன. 2010, 2011, 2012 என்று மூன்று முறை, ஏறுவதற்கான கடைசி இடத்துக்கு நடக்கும் பிளே-ஆஃபில் தோற்றார்கள். அந்தக் காலத்திலும் உள்ளூர் ஆட்டங்களுக்குச் சுமார் ஆறாயிரம் பேர் வந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிதாகத் தெரிகிறது. 2014இல் ஐந்தாம் படியை வென்றார்கள். 2018இல் ஒரு படி, 2019இல் இன்னொரு படி. 2023 மே 27 அன்று வெம்பிளியில் கவென்ட்ரி சிட்டியோடு 1-1 என்று சமன் செய்து, பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் 6-5 என்று வென்று பிரீமியர் லீக்குக்குள் போனார்கள். ஐந்தாம் படியில் கிளப்போடு சேர்ந்த பெல்லி ரடக் ம்பான்சு, ஒரே கிளப்புக்காக அங்கிருந்து பிரீமியர் லீக் வரை ஆடிய முதல் வீரர் ஆனார்.

தொலைக்காட்சி வசதிகளுக்காக மைதானத்தின் ஒரு பக்கத்தை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. அதனால் முதல் உள்ளூர் ஆட்டமே தள்ளிப்போனது. 2024இல் மறுபடி இறங்கினார்கள். 2025இல் இன்னொரு படியும் இறங்கினார்கள். ஏறியதை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் விட்டுவிடும் பாதி இதுதான். ஏணியில் இரு பக்கமும் போக்குவரத்து உண்டு. இறங்கும் காலத்திலும் கலையாமல் நிற்கிற கிளப்தான் பிறகு ஏறுகிறது. லூட்டனில் கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் யாரும் மாற்ற முயன்றால் தடுக்கும் உரிமை ரசிகர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. ஏறத் தொடங்கிய 2014இலேயே அதை எழுதி வாங்கிவிட்டார்கள்.

2011இல் லூட்டனைத் தோற்கடித்தது யார்?

ஏ.எஃப்.சி. விம்பிள்டன். பழைய விம்பிள்டன் கிளப்பை அதன் உரிமையாளர்கள் வேறு நகருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தது. கிளப் இல்லாமல் நின்ற ரசிகர்கள் சில வாரங்களில் புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். வீரர் தேர்வை விம்பிள்டன் பொதுவெளியில் நடத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஒன்பதாம் படியில் தொடங்கினார்கள். இடையில் 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து படி ஏறி, 2011இல் மான்செஸ்டரில் லூட்டனைப் பெனால்ட்டியில் வென்று நான்காம் படிக்குள் நுழைந்தார்கள். 2020 நவம்பரில் சொந்த ஊரான பிளவ் லேனில் புது மைதானத்துக்குத் திரும்பினார்கள். கிளப் இன்றும் ரசிகர்களின் அறக்கட்டளையிடம்தான் இருக்கிறது.

ரெக்ஸம்போல் ஒரு சினிமா நட்சத்திரம் பணம் போட்டால் போதாதா?

ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் 2021இல் வாங்கிய பிறகு 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ரெக்ஸம் ஏறியது உண்மை. பணம் உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் வருவதற்குமுன் பத்து ஆண்டுகள் அந்தக் கிளப்பை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார்? 2011 முதல் அது ரசிகர்களின் அறக்கட்டளைக்குச் சொந்தமாக இருந்தது. உறுப்பினர்கள் வாக்களித்துச் சம்மதித்த பிறகே கைமாறியது. வாங்குவதற்கு ஒரு கிளப் அங்கே இருந்தது என்பதே அவர்கள் செய்த வேலை.

நட்சத்திரம் இல்லாமலும் நடக்கும். ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் சுமார் ஐம்பதாயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். ஃபிராங்க் ஷ்மிட் என்ற உள்ளூர்க்காரர் 2007இல் பயிற்சியாளராக வந்தபோது அணி நான்காம் படியில் இருந்தது. 2023இல் அதே பயிற்சியாளரோடு அந்நாட்டின் உச்ச லீக்கான பண்டஸ்லிகாவுக்குள் போனது. கடைசி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்து, 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் இரண்டு கோல் அடித்து 3-2 என்று வென்றார்கள். பதினாறு ஆண்டுகள் ஒரே பயிற்சியாளர்! தோற்ற மறுநாளே பயிற்சியாளரை மாற்றும் நம் அணி நிர்வாகிகள் இந்த ஒன்றையாவது மனத்தில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் இப்படி ஏணி உண்டா?

உண்டு, ஆனால் மிகப் புதியது. மாநில லீக்குகளுக்கு மேலே ஐ-லீக் 3, அதற்கு மேலே ஐ-லீக் 2, ஐ-லீக், உச்சியில் ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் என்று அடுக்கினார்கள். 2014இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். பல ஆண்டுகள் பூட்டிய கதவாகத்தான் இருந்தது. 2022-23 ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணிதான் களத்தில் வென்று அதற்குள் நுழைந்த முதல் அணி. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் நுழைந்தது. ஐ.எஸ்.எல்.லிலிருந்து இறங்கும் முறை இன்னும் வேரூன்றவில்லை. இங்கிலாந்தில் 1987இல் திறந்த கதவு இங்கே 2023இல்தான் திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ-லீக் 3 தொடங்கியது 2023இல். சென்னை லீக் தவிர வேறு கதியில்லாத தென்மாவட்ட அணிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் இன்னும் உணரவில்லை. மேற்கு வங்கத்தில் 2022இல் தொடங்கிய டயமண்ட் ஹார்பர் கிளப் ஐ-லீக் 3, ஐ-லீக் 2 இரண்டையும் அடுத்தடுத்து வென்று ஐ-லீக்குக்கு ஏறிவிட்டது. அதே வழியில் ஏறிய எஸ்.சி. பெங்களூரு, ஐ-லீக்கில் ஒரே பருவம் ஆடிவிட்டு இறங்கியது.

உச்சியில் எல்லாம் நலம் என்று நினைக்க வேண்டாம். லீக்கை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. கிளப்புகள் தவித்தன.

நம் நாட்டில் சிறு ஊர்க் கிளப் எதுவும் உச்சிக்குப் போனதுண்டா?

ஐஸால் எஃப்.சி. நான் யாரிடமும் முதலில் சொல்லும் கதை இதுதான். 2011 கணக்கெடுப்பின்படி மிசோரம் தலைநகரான ஐஸால் நகரின் மக்கள்தொகை சுமார் 2.93 லட்சம். அதே கணக்கெடுப்பில் மதுரை மாநகரில் பத்து லட்சத்துக்கும் மேல்.

1984இல் தொடங்கிய அந்தக் கிளப் 2015இல் இரண்டாம் டிவிஷனை வென்று, அப்போது நாட்டின் உச்ச லீக்காக இருந்த ஐ-லீக்குக்கு வந்தது. முதல் பருவத்திலேயே இறங்கும் நிலைக்குப் போனது. கோவா கிளப்புகள் ஐ-லீக்கை விட்டு விலகியதால் மீண்டும் இடம் கிடைத்தது. மும்பை கிளப் ஒன்று விடுவித்திருந்த காலித் ஜமீலைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். 2017 ஏப்ரலில் சொந்த மண்ணில் மோகன் பகானை 1-0 என்று வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஷில்லாங்கில் 1-1 என்று சமன் செய்து, ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் இந்திய சாம்பியன் ஆனார்கள். வடகிழக்கிலிருந்து அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் கிளப். அந்தக் காலித் ஜமீல்தான் 2025இல் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார்.

இதை அதிசயம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2012இல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. உள்ளூர் கேபிள் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அதற்குப் பணம் கொடுத்து, ஆட்டங்களை வீடுகளுக்குக் கொண்டுபோனது. வாராவாரம் ஆட்டம், வாராவாரம் கூட்டம். ஐந்து ஆண்டுகளில் அந்த மண்ணிலிருந்து ஒரு சாம்பியன் வந்தது.

தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு கதை இல்லையா?

இரண்டு இருக்கின்றன, இரண்டும் 2019இல் சில வார இடைவெளியில் நடந்தவை.

2019 மார்ச்சில் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கை வென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். பெயரில் சென்னை இருந்தாலும் கோவை நேரு விளையாட்டரங்கில்தான் ஆடினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் பங்கு வாங்கியது. 2021-22 ஐ-லீக் அணிப் பட்டியலில் அந்தக் கிளப்பே இல்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதிப்போட்டி. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. 2016இல் தொடங்கிய கிளப் அது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அந்தத் தொடரில் கோல் மழை பொழிந்தார். 2022லும் கடைசி ஆட்டம் வரை பட்டத்துக்குப் போராடி, கோகுலம் கேரளாவிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. மதுரையிலிருந்து ஒரு கிளப் தேசிய சாம்பியன் ஆக முடியுமா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு என் பதில்: ஆகிவிட்டது, பெண்கள் செய்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. சேதுவின் வெற்றியை அந்த அலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் பேருந்து நிலையத்தில் நின்று பத்துப் பேரிடம் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிய வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

எங்கள் அணி நிறைய சுழற்கோப்பைகளை வென்றிருக்கிறது. நாங்கள் மேலே போக அது போதாதா?

போதாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் பொங்கலையும் திருவிழாவையும் ஒட்டி மின்னொளிப் போட்டிகள் நடக்கின்றன. ஐவர், எழுவர் ஆட்டம், நாக்-அவுட் முறை. அழகான ஆட்டங்கள், நானும் விரும்பிப் பார்ப்பவன்தான். ஆனால் நாக்-அவுட்டில் முதல் ஆட்டத்தில் தோற்ற அணி மத்தியானமே வேனில் ஏறிவிடும். அந்தப் பையன்களுக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. பரிசுத்தொகைக்காக வெளியூர் ஆட்டக்காரர்களை ஒருநாள் கூலிக்குக் கூட்டிவரும் வழக்கம் வேறு. கோப்பை அலமாரியில் இருக்கும், அணி இருக்காது.

லீக்கில் தோற்ற அணிக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. தோல்வியைத் திருத்த ஒரு வாரம் இருக்கிறது. எட்டு அணிகள் ஒருவரோடொருவர் இருமுறை மோதினால் 56 ஆட்டங்கள், 14 வாரங்கள். சனி, ஞாயிறு தலா இரண்டு ஆட்டம் வைத்தால் ஒரே மைதானம் போதும். லூட்டனையும் ஐஸாலையும் வளர்த்தது இந்த வாராந்தர உழைப்புதான். மாவட்ட லீக்கில் எல்லா ஆட்டத்தையும் முழு அணியோடு, முழு அளவு மைதானத்தில், பதினொருவரோடு ஆடி முடிக்கிற கிளப்பை, பத்துச் சுழற்கோப்பை வைத்திருக்கும் அணியைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

கிரிக்கெட்டில் மதுரை பேந்தர்ஸ் இருக்கிறதே, அதுபோல் ஒரு அணியை ஏலத்தில் எடுத்தால் என்ன?

மதுரை பேந்தர்ஸ் 2018இல் டி.என்.பி.எல். பட்டத்தை வென்றபோது ஊரே மகிழ்ந்தது. ஆனால் அது வேறு முறை. அங்கே ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. உசிலம்பட்டி அணி ஒன்று எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தத் தொடருக்குள் ஏறி வர முடியாது.

மைதானத்துக்கு என்ன செய்வது?

முழு அளவு ஆடுகளத்துக்கு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். நகருக்குள் ரேஸ்கோர்ஸ், ரயில்வே மைதானம், கல்லூரி மைதானங்கள்தான் இருக்கின்றன. எல்லா விளையாட்டும், நடைப்பயிற்சியும், அரசு விழாக்களும் அங்கேதான். தனி மைதானம் கட்டும் கனவை ஒத்திவையுங்கள். ஒரு கல்லூரியோடு, வாரத்தில் இன்ன நாள் இன்ன நேரம் என்று எழுத்துமூலமாக ஓராண்டு ஒப்பந்தம் போடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி நடத்தினால் பருவத்தின் நடுவில் மைதானம் போய்விடும்.

பையனுக்குச் சம்பளம் கிடைக்குமா?

மாவட்ட அளவில் கிடைக்காது. தமிழ்நாட்டுக் கால்பந்துக்காரர்களுக்குப் பல தலைமுறையாகச் சோறு போட்டது ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, காவல்துறை போன்றவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான். படிப்பை நிறுத்தச் சொல்லும் எந்தப் பயிற்சியாளரையும் நம்பாதீர்கள்.

கிளப்பை முறையாகத் தொடங்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதியலாம். ஆண்டுதோறும் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். பலர் இதைத் தவறவிட்டுத்தான் முடங்குகிறார்கள். பிறகு மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் இணைய வேண்டும். கிளப்பில் ஒருவராவது 'டி' உரிமம் பெற்ற பயிற்சியாளராக இருப்பது நல்லது. அதற்கு மேலே சி, பி, ஏ என்று உரிமங்கள் இருக்கின்றன. மேல் லீக்குகளில் கிளப் உரிமம் கேட்கும்போது பயிற்சியாளர் தகுதி, இளையோர் அணிகள், மைதானம், தணிக்கை செய்த கணக்கு எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

ஆட்டக்காரர்களை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் இணையப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். இதைச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைபோனால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. எந்த ஆண்டு எந்தக் கிளப்பில் இருந்தார் என்பதற்கு அந்தப் பதிவேடுதான் ஆதாரம். ஆறு ஆண்டுகள் நீங்கள் வளர்த்த பையனின் பெயர் அதில் உங்கள் கிளப்பின் கீழ் இல்லையென்றால் பங்கு கேட்க வழியில்லை. எனவே பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பெற்றோர் கையெழுத்து மூன்றையும் சேர்க்கை நாளன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.